பைத்தான் ஸ்கிரிப்டை ஆண்ட்ராய்டு ஆப்பாக்குவது: பில்டோசர் வழிகாட்டியும் பில்டு பிழைகளுக்கான தீர்வுகளும்

கணினியில் ஒழுங்காக ஓடும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று உங்களிடம் இருக்கிறது. டெர்மினல் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர், அதைத் தன் போனில் ஐகானைத் தட்டித் திறக்க வேண்டும். இதற்குப் பல வழிகள் உண்டு. பிரீஃப்கேஸ், சாக்கோபை, ஃப்ளெட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. இந்த வழிகாட்டி கிவி (பைத்தானில் திரை அமைக்கும் லைப்ரரி), பில்டோசர் (அதை ஆப்பாகக் கட்டும் கருவி) வழியை எடுத்துக்கொள்கிறது. நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பதால், இதில் வரக்கூடிய பிழைகளில் அநேகமாக எல்லாவற்றையும் யாராவது ஏற்கெனவே பார்த்துத் தீர்த்திருப்பார்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கம்போல ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பில்டை, அதாவது ஆப்பைக் கட்டும் வேலையை, தொடங்கினால், பிழை வரும்போதெல்லாம் இருட்டில் துழாவ வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு போனில் பைத்தான் கிடையாது. அதனால் ஆப்போடு சேர்த்துப் பைத்தானையே அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது பைத்தான் ஃபார் ஆண்ட்ராய்டு என்ற கருவி. அது பைத்தானின் மூல நிரலை எடுத்து, கூகுளின் என்டிகே கம்பைலரைக் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) கொண்டு, போனில் இருக்கும் ஆர்ம் ப்ராசசருக்கு ஏற்றபடி கம்பைல் செய்கிறது. உங்கள் ஸ்கிரிப்டுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் அப்படியே தயாரிக்கிறது. கடைசியில் கிரேடில் என்ற கருவி எல்லாவற்றையும் ஒரு ஏபிகே, அதாவது போனில் நிறுவும் கோப்பாகக் கட்டுகிறது. பில்டோசர் இந்த மொத்த வரிசையையும் ஓட்டும் மேலாளர், அவ்வளவுதான்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு உண்மையை மட்டும் மனதில் வையுங்கள்: கணினியில் பிப் மூலம் நொடியில் இறங்கும் லைப்ரரி, கணினியின் ப்ராசசருக்காகக் கம்பைல் ஆனதாக இருக்கலாம். அது போனுக்கு உதவாது. பில்டு பிழைகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் ஸ்கிரிப்டைத் தயார் செய்யுங்கள்

போனில் டெர்மினல் இல்லை. ஆகவே இன்புட் ஃபங்ஷன் வேலை செய்யாது. பிரின்ட் செய்வது திரையில் வராது, லாக்கில் போய் விழும். டிகிண்டர், பைக்யூட்டி ஜன்னல்கள் இந்த வழியில் வராது, கிவியில்தான் திரை அமைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் வேறொரு நிரலை சப்பிராசஸ் வழியாகக் கூப்பிட்டால் அதுவும் போனில் இருக்காது.

வேலை செய்யும் பகுதியையும் திரை காட்டும் பகுதியையும் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிப்பது நல்லது. கணக்கு, தரவு, இணையம் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். திரைக்கான சிறிய நிரல் மட்டும் மெயின் டாட் பை என்ற கோப்பில் இருக்கட்டும். இந்தப் பெயரை மாற்றக் கூடாது, ஆப் திறந்ததும் தேடுவது இதைத்தான். நேரம் பிடிக்கும் வேலைகளைத் தனி த்ரெட்டில் (இணையாக ஓடும் வேலைத் தொடர்) ஓட்டுங்கள். பிரதான த்ரெட்டிலேயே ஒரு நீண்ட லூப்பை ஓட்டினால் திரை உறைந்துபோகும், "ஆப் பதிலளிக்கவில்லை" என்று ஆண்ட்ராய்டு மூடச் சொல்லும். தனி த்ரெட்டிலிருந்து திரையைப் புதுப்பிக்கும்போது கிவியின் கிளாக் வழியாகச் செய்யுங்கள், நேரடியாகத் தொடாதீர்கள்.

அப்புறம், ஸ்கிரிப்டில் உள்ள இம்போர்ட் வரிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே செலவிடும் பத்து நிமிடம் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பைத்தானோடு வருபவை, அதாவது ஓஎஸ், ஜேசன், டேட்டைம் போன்றவை, ஒரு பக்கம். இவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுக்கப் பைத்தானிலேயே எழுதப்பட்ட வெளி லைப்ரரிகள் இன்னொரு பக்கம். இவையும் பெரும்பாலும் தொல்லை தராது. சி மொழியிலோ ரஸ்டிலோ எழுதிய பாகம் கொண்டவை மூன்றாவது. பிரச்சினை இங்கேதான்.

ஒரு லைப்ரரி எந்த வகை என்று எப்படித் தெரியும்? பைத்தான் லைப்ரரிகள் கிடைக்கும் பைபிஐ தளத்தில் அதன் பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்து வீல் கோப்பின் (நிறுவத் தயாரான பொதி) பெயரைப் பாருங்கள். பெயர் "நன் எனி" என்று முடிந்தால் சுத்தப் பைத்தான். மெனிலினக்ஸ், வின் ஏஎம்டி64 என்று இயங்குதளம், ப்ராசசர் பெயர்கள் வரிசையாக இருந்தால் கம்பைல் ஆகும் பாகம் உள்ளே இருக்கிறது. அப்படிப்பட்டதற்குப் பைத்தான் ஃபார் ஆண்ட்ராய்டில் ரெசிபி இருக்க வேண்டும். ரெசிபி என்பது அந்த லைப்ரரியை ஆர்முக்குக் கம்பைல் செய்யும் முறையைச் சொல்லும் சிறிய நிரல். கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் ரெசிபீஸ் கோப்புறையைத் திறந்து பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பை, பில்லோ போன்றவற்றுக்கு ரெசிபி உண்டு. இல்லாத லைப்ரரியை மாற்றுவதே வழி. ரெசிபி இருந்தாலும் அந்த லைப்ரரி உண்மையிலேயே வேண்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சிஎஸ்வி கோப்பைப் படிப்பதற்காக மட்டும் பாண்டாஸை இழுத்து வருபவர்கள் நிறைய. பைத்தானோடு வரும் சிஎஸ்வி மாட்யூலே அதற்குப் போதும். ஆப்பின் அளவும் பில்டு நேரமும் ஒருசேரக் குறையும்.

கணினியில் என்னென்ன வேண்டும்

லினக்ஸ் இருந்தால் நேரடியாகத் தொடங்கலாம், மேக்கிலும் முடியும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு, அதற்குள் உபுண்டுவில் செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது திட்டக் கோப்புறை உபுண்டுவின் ஹோம் பகுதிக்குள் இருக்க வேண்டும். விண்டோஸ் சி டிரைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே பில்டு செய்தால் மிகவும் மெதுவாக நகரும், கோப்பு அனுமதிப் பிழைகளும் வரும். கோப்புறைப் பாதையில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். அதைத் தாங்காத கருவிகள் இந்தச் சங்கிலியில் இருக்கின்றன, அவை காட்டும் பிழைச் செய்தி காரணத்தைச் சொல்லாது. வட்டில் 15 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

நிறுவ வேண்டியவை: கிட், ஜிப், அன்ஜிப், ஜேடிகே 17, ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பேக்கேஜ் கான்ஃபிக், சிமேக், பிறகு லிப்எஃப்எஃப்ஐ, ஓபன்எஸ்எஸ்எல், இசட்லிப், லிப்எல்டிடிஎல் ஆகியவற்றின் டெவ் பொதிகள். உபுண்டுவில் எல்லாம் ஆப்ட் என்ற நிறுவும் கருவி மூலமே கிடைக்கும். அடுத்து ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி, அதற்குள் பில்டோசர், சைதன், செட்அப்டூல்ஸ் மூன்றையும் பிப் மூலம் நிறுவுங்கள். ரூட் பயனராக எதையும் ஓட்டாதீர்கள்.

ஸ்பெக் கோப்பு

திட்டக் கோப்புறைக்குள் நின்று "பில்டோசர் இனிட்" என்று கொடுத்தால் பில்டோசர் டாட் ஸ்பெக் என்ற கோப்பு உருவாகும். வரிகள் ஏராளமாக இருந்தாலும் நீங்கள் தொட வேண்டியவை சிலதான்.

பேக்கேஜ் நேம் வரியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டும் போடுங்கள், கோடோ இடைவெளியோ வேண்டாம். பேக்கேஜ் டொமைனும் இதுவும் சேர்ந்துதான் ஆப்பின் அடையாளம். வெளியிட்ட பிறகு மாற்றினால் போன் அதை வேறொரு ஆப்பாகவே பார்க்கும்.

ரிக்வயர்மென்ட்ஸ் வரிதான் மிக முக்கியம். பைத்தான்3, கிவி இரண்டும் அங்கே ஏற்கெனவே இருக்கும். உங்கள் தாளில் உள்ள வெளி லைப்ரரிகளைக் காற்புள்ளி போட்டுச் சேருங்கள். ஓஎஸ், ஜேசன் போன்றவற்றை இங்கே எழுதாதீர்கள். எழுதினால் அந்தப் பெயரில் ஏதாவது பொதி இருக்கிறதா என்று தேடிப் போய் பில்டு உடையும். இம்போர்ட் செய்யும் பெயரும் நிறுவும் பெயரும் வேறாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். பிஐஎல் என்று இம்போர்ட் செய்வதை இங்கே பில்லோ என்றும், யாமல் என்பதைப் பையாமல் என்றும் எழுத வேண்டும். ஒரு லைப்ரரி சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகள் எல்லாப் பதிப்பிலும் தானாக வரும் என்று நம்ப முடியாது. ரிக்வஸ்ட்ஸ் வேண்டுமென்றால் அது கேட்கும் யூஆர்எல்லிப்3, ஐடிஎன்ஏ, சர்டிஃபை, சார்செட் நார்மலைசர் நான்கையும் கூடவே எழுதிவிடுங்கள். கணினியில் சோதித்த பதிப்பு எண்களையும் சேர்த்து எழுதினால், ஆறு மாதம் கழித்து அதே திட்டத்தை மறுபடி பில்டு செய்யும்போது திண்டாட வேண்டியிருக்காது.

சோர்ஸ் இன்க்ளூட் எக்ஸ்ட்ஸ் என்ற வரியைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. எந்த வகைக் கோப்புகள் ஆப்புக்குள் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. தானாக இருப்பவை பை, பிஎன்ஜி, ஜேபிஜி, கேவி, அட்லஸ் மட்டுமே. உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு ஜேசன், சிஎஸ்வி, டிபி அல்லது எழுத்துரு கோப்பைப் படிக்கிறது என்றால் அந்த வகையை இங்கே சேருங்கள். சேர்க்காவிட்டால் பில்டு அழகாக முடியும், போனில்தான் "கோப்பு இல்லை" என்று விழும்.

ஆண்ட்ராய்டு பெர்மிஷன்ஸ் வரியில், இணையம் தொடும் ஆப் என்றால் இன்டர்நெட் அனுமதி கட்டாயம். ஆண்ட்ராய்டு ஆர்க்ஸ் வரியில் இரண்டு ப்ராசசர் வகைகள் இருக்கும். சோதனைக் காலத்தில் ஆர்ம்64 வி8ஏ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கம்பைல் நேரம் கிட்டத்தட்டப் பாதியாகும். லாக் லெவல் 2 ஆக இருக்கட்டும். என்டிகே பதிப்பு வரியை மட்டும் தொடவே தொடாதீர்கள். பைத்தான் ஃபார் ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்பும் தனக்குப் பொருந்தும் என்டிகேயைத் தானே தேர்ந்துகொள்ளும். ஏதோ ஒரு பழைய பதிலைப் பார்த்து அதை மாற்றியதால் வரும் பிழைகளுக்கு முடிவே இல்லை.

முதல் பில்டு

உங்கள் ஸ்கிரிப்டை உடனே பில்டு செய்யாதீர்கள். ஒரே ஒரு லேபிள் காட்டும் நாலைந்து வரி ஆப் ஒன்றை எழுதி, பைத்தான்3, கிவி மட்டும் வைத்து "பில்டோசர் ஆண்ட்ராய்டு டீபக்" கொடுங்கள். முதல் முறை எஸ்டிகே (ஆண்ட்ராய்டு ஆப் கட்டும் கருவித் தொகுப்பு), என்டிகே எல்லாம் இறங்கிக் கம்பைல் ஆவதால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அடுத்த முறைகள் விரைவாக முடியும். நடுவில் உரிமத்தை ஏற்கிறீர்களா என்று கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். பின் என்ற கோப்புறைக்குள் ஏபிகே வந்து விழுந்தால் உங்கள் கணினி அமைப்பில் குறை இல்லை என்று அர்த்தம். இனிமேல் லைப்ரரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து பில்டு செய்யுங்கள். எதில் உடைகிறதோ அதுதான் குற்றவாளி.

போனில் செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபகிங்கை இயக்கி, கேபிளில் இணைத்து, "பில்டோசர் ஆண்ட்ராய்டு டிப்ளாய் ரன் லாக்கேட்" கொடுத்தால் ஆப் நிறுவப்பட்டு, திறந்து, லாக்கும் ஓடத் தொடங்கும். டபிள்யூஎஸ்எல்லுக்கு யூஎஸ்பி நேரடியாகத் தெரியாது. ஏபிகேயை விண்டோஸ் பக்கம் நகலெடுத்து, விண்டோஸில் உள்ள ஏடிபி (கணினியிலிருந்து போனோடு பேசும் கருவி) மூலம் நிறுவுவது சுலபம்.

பில்டு உடைந்தால்

கடைசி வரியைப் படித்துவிட்டு அதை அப்படியே தேடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதனால் பயன் இல்லை. "பில்டோசர் கடைசிக் கட்டளையை நிறைவேற்ற முடியவில்லை" என்ற அந்தச் செய்தி எல்லாப் பிழைக்கும் பொதுவானது. உண்மையான பிழை மேலே இருக்கலாம் என்று அடுத்த வரியிலேயே சொல்லியும் இருக்கும். அதற்கு மேலே சூழல் மாறிகளின் பெரிய குவியல் ஒன்று கொட்டிக் கிடக்கும், அதையும் தாண்டிப் போங்கள்.

வெளியீடு முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்து, எடிட்டரில் திறந்து, எரர், ஃபேட்டல், நாட் ஃபவுண்ட், ட்ரேஸ்பேக் என்ற சொற்களை மேலிருந்து கீழாகத் தேடுங்கள். உருப்படியான முதல் பிழைதான் காரணம், அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். தேடும்போது எச்சரிக்கை வரிகள் ஆயிரக்கணக்கில் வரும். வார்னிங் என்று தொடங்குபவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அடிக்கடி வரும் சிலவற்றைச் சொல்கிறேன்.

"ஏஐடிஎல் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் ஏஐடிஎல்லைத் தேடி அலையாதீர்கள். எஸ்டிகே உரிமம் ஏற்கப்படாததால் பில்டு டூல்ஸ் இறங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஸ்பெக் கோப்பில் அக்செப்ட் எஸ்டிகே லைசென்ஸ் வரியை ட்ரூ ஆக்கி மறுபடி ஓட்டுங்கள்.

"எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்" என்று பிப் மறுத்தால் நீங்கள் வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்கு வெளியே நிற்கிறீர்கள். "டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை" என்றால் கணினியில் இருப்பது பைத்தான் 3.12 அல்லது அதற்குப் புதியது. அந்தப் பதிப்பில் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டுவிட்டது, செட்அப்டூல்ஸ் நிறுவினால் சரியாகும்.

சைதன் தொடர்பான பிழையில் "லாங்" என்ற பெயர் அறிவிக்கப்படவில்லை என்று வந்தால் பதிப்பு மோதல். 2023 ஜூலையில் வந்த சைதன் 3, கிவி, பைஜேனியஸ் (பைத்தானிலிருந்து ஜாவாவைக் கூப்பிடும் லைப்ரரி) ஆகியவற்றின் பழைய பதிப்புகளோடு ஒத்துப்போகவில்லை. சைதனை 0.29 வரிசைக்கு இறக்குங்கள், அல்லது கிவியையும் பைஜேனியஸையும் புதுப்பியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள்.

லிப்எஃப்எஃப்ஐ கட்டும்போது ஏதோ ஒரு மேக்ரோ அறிவிக்கப்படவில்லை என்றோ, ஆட்டோரீகான்ஃப் இல்லை என்றோ நின்றால், ஆட்டோகான்ஃப், லிப்டூல், லிப்எல்டிடிஎல் டெவ் பொதிகளில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. கிரேடில் கட்டத்தில் "கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன்" ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு எண்ணோடு வந்தால் ஜாவா பதிப்பு பொருந்தவில்லை. 61 என்றால் ஜாவா 17, 65 என்றால் ஜாவா 21. ஒன்றுக்கு மேற்பட்ட ஜாவா இருந்தால் ஜாவா ஹோம் மாறி எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். "கிரேடில் டீமன் மறைந்துவிட்டது" என்றாலோ வெறும் "கில்ட்" என்று நின்றாலோ நினைவகம் போதவில்லை. டபிள்யூஎஸ்எல்லுக்கு ஒதுக்கிய ராமை அதன் கான்ஃபிக் கோப்பில் கூட்டலாம். ஜிப் கோப்பு கெட்டிருக்கிறது என்றால் இணையம் நடுவில் அறுந்திருக்கும். ஹோமில் உள்ள பில்டோசர் கோப்புறையில் அந்தப் பாதிக் கோப்பை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

எதை அழிப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். உங்கள் பைத்தான் கோப்பு மட்டும் மாறியிருந்தால் எதையும் அழிக்க வேண்டாம். ரிக்வயர்மென்ட்ஸிலோ ஆர்க்ஸிலோ மாற்றம் செய்து விசித்திரமான பிழை வந்தால் "பில்டோசர் ஆப்கிளீன்" போதும், திட்டத்துக்குள் இருக்கும் பில்டு கோப்புறை மட்டும் போகும். "டிஸ்ட்கிளீன்" எஸ்டிகே வரை துடைத்து எடுத்துவிடும், ஜிபி கணக்கில் மறுபடி இறக்க வேண்டும். அதைக் கடைசி ஆயுதமாக வையுங்கள்.

பில்டு முடிந்தும் ஆப் திறந்தவுடன் மூடினால்

லோகோ தெரிகிறது, மறுகணமே ஆப் மறைகிறது. இங்கே ஊகிக்கவே வேண்டாம், லாக்கேட்டில் பைத்தான் என்ற டேக்கை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் கணினியில் வருவது போன்ற ட்ரேஸ்பேக் அப்படியே இருக்கும். மாட்யூல் நாட் ஃபவுண்ட் என்றால் அந்தப் பெயரை ரிக்வயர்மென்ட்ஸில் சேருங்கள்.

கூர்ந்து பார்க்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஒரு எஸ்ஓ கோப்பைத் (கம்பைல் ஆன லைப்ரரி) திறக்க முடியவில்லை, அது "ஈஎம் எக்ஸ்86 64 (62)" வகை, வேண்டியது "ஈஎம் ஏஆர்ச்64 (183)" என்று அதை ஏற்ற முயலும் டிஎல்ஓபன் புலம்பும். முதல் எண் உங்கள் கணினியின் ப்ராசசர், இரண்டாவது போனுடையது. அதாவது, ரெசிபி இல்லாத லைப்ரரி ஒன்றின் கணினிப் பதிப்பு அப்படியே ஆப்புக்குள் நுழைந்துவிட்டது. கோப்புப் பெயரிலேயே எந்த லைப்ரரி என்று இருக்கும். ரெசிபி உள்ள பதிப்புக்கோ சுத்தப் பைத்தான் மாற்றுக்கோ போவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

கோப்பு எழுதும்போது அனுமதி மறுக்கப்பட்டால், கிவி ஆப்பின் யூசர் டேட்டா டிர் என்ற பாதைக்குள் எழுதுங்கள், அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல் கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றுக்கு ஸ்பெக்கில் எழுதினால் மட்டும் போதாது. ஆப் ஓடும்போதும் பயனரிடம் கேட்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் பொதுச் சேமிப்பகத்தில் நினைத்த இடத்தில் எழுதவும் முடியாது. எஸ்எஸ்எல் சான்றிதழ் சரிபார்ப்பு தோல்வி என்றால், எஸ்எஸ்எல் செர்ட் ஃபைல் என்ற சூழல் மாறிக்குச் சர்டிஃபை தரும் பாதையை மெயின் கோப்பின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

தமிழ் காட்டும் ஆப்புக்கு ஒரு தனிக் கவனிப்பு. கிவியின் இயல்பான எழுத்துருவான ரோபோட்டோவில் தமிழ் இல்லை, கட்டங்கள்தான் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றின் டிடிஎஃப் கோப்பைத் திட்டத்தில் வைத்து, லேபிளில் அதன் பெயரைக் கொடுத்து, இன்க்ளூட் எக்ஸ்ட்ஸில் டிடிஎஃப்பையும் சேருங்கள். பிறகு "கொடுத்தோம்" போன்ற சொல்லைப் போனிலேயே காட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதைக் கணினித் திரையை நம்பி முடிவு செய்யக் கூடாது.

நிறுவும்போதே "அப்டேட் இன்கம்பாட்டிபிள்" என்று மறுத்தால், வேறொரு சாவியால் கையொப்பமிட்ட பழைய பதிப்பு போனில் இருக்கிறது. அதை நீக்கிவிட்டு நிறுவுங்கள். "நோ மேட்சிங் ஏபிஐஸ்" என்றால் போனின் ப்ராசசர் வகை ஆர்க்ஸ் வரியில் இல்லை.

வெளியிடும்போது

நண்பர்களுக்குக் கொடுக்க டீபக் ஏபிகே போதும். கூகுள் பிளேயில் போட "பில்டோசர் ஆண்ட்ராய்டு ரிலீஸ்" கொடுத்து ஏஏபி கோப்பு (பிளேயில் பதிவேற்றும் ஆப் தொகுப்பு) எடுக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் புதிய ஆப்கள் இந்த வடிவில்தான் போக வேண்டும். 64 பிட் பதிப்பு 2019லிருந்தே கட்டாயம், ஆர்ம்64 இருந்தால் அது சரி. புதிய ஆப்களும் அப்டேட்டுகளும் ஏபிஐ 35ஐ, அதாவது ஆண்ட்ராய்டு 15ஐ, இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது 2025 ஆகஸ்ட் 31 முதல் விதி. இது ஆண்டுதோறும் உயரும், ஆண்ட்ராய்டு ஏபிஐ வரியை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட ஆப்கள் 16 கேபி மெமரி பேஜுக்கும் (நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) பொருந்த வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் இருக்கிறது. கம்பைல் ஆன எஸ்ஓ கோப்புகளைத்தான் அது தொடுகிறது என்பதால், பைத்தான் ஃபார் ஆண்ட்ராய்டைப் புதுப்பித்து, ஆப்கிளீன் செய்து, முழுதாக மறுபடி கம்பைல் செய்துகொள்ளுங்கள்.

ரிலீஸுக்கு முன் கீடூல் மூலம் ஒரு கீஸ்டோர் (கையொப்பச் சாவி இருக்கும் கோப்பு) உருவாக்கி, அதன் பாதை, பெயர், கடவுச்சொற்கள் ஆகியவற்றைப் பி4ஏ ரிலீஸ் என்று தொடங்கும் சூழல் மாறிகளில் கொடுக்க வேண்டும். ஸ்பெக் கோப்பிலோ கிட்டிலோ கடவுச்சொல்லைப் போடாதீர்கள். கீஸ்டோர் கோப்பை இரண்டு வெவ்வேறு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். பிளேயின் கையொப்பச் சேவையில் இருந்தால் பதிவேற்றச் சாவியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். ஏபிகேயை நேரடியாகப் பகிர்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சாவி தொலைந்தால் ஏற்கெனவே நிறுவியவர்களின் போனில் அடுத்த அப்டேட் ஏறாது, பழையதை நீக்கி, அதிலுள்ள தரவையும் இழந்துதான் புதியதைப் போட வேண்டியிருக்கும்.